முதல் நாவலும் நம் தெருவும்

ஒரு சமூகம் கல்வியில் முன்னேறியிருக்கிறது என்பதை எதைக் கொண்டு அளப்பது? எழுதப் படிக்கத் தெரிந்தோர் எத்தனை பேர், பட்டம் பெற்றோர் எத்தனை பேர், அரசுப் பணியில் அமர்ந்தோர் எத்தனை பேர் எனக் கணக்கிடுவது வழக்கம். இவ்வெள்ளி விழா மலரிலும் அத்தகைய கணக்குகள் இடம்பெறும், இடம்பெறவும் வேண்டும். ஆயினும் இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க மற்றொரு கணக்கும் உண்டு. நம் தெருவில் பிறந்தவர், நம் தெருவைப் பற்றித் தம் கையாலேயே எழுதிய நூல்கள் எத்தனை என்பதே அது.

பிறர் நம்மைப் பற்றி எழுதியவை பல. ஆட்சியர்களின் குறிப்பேடுகளில் நாம் இருக்கிறோம். சமயப் பணியாளர்களின் அறிக்கைகளில் இருக்கிறோம். பிறர் எழுதிய கதைகளில் களத்து மேட்டில் கைகட்டி நிற்பவராக இருக்கிறோம். நம்மவர் தம் வாழ்வைத் தாமே முதல் நாவலாக எழுதத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். அது எவ்வாறு நிகழ்ந்தது, அதற்கு என்ன விலை கொடுக்க நேர்ந்தது, அதனால் நாம் பெற்றது என்ன என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நாவல் பிறந்ததும் நாம் பிந்தியதும்

தமிழின் முதல் நாவல் எனப் போற்றப்படும் பிரதாப முதலியார் சரித்திரம் 1879ஆம் ஆண்டில் அச்சேறியது. அதனை இயற்றிய வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றியவர். அக்காலத்தில் நாவல் எழுதுவதற்குக் கல்வி வேண்டும், ஓய்வு வேண்டும், அச்சுக் கூடத்தோடு தொடர்பு வேண்டும், நூலை வாங்கிப் படிக்கக்கூடிய சுற்றம் வேண்டும். இந்நான்கும் ஒருங்கே அமைந்த வீடுகளிலிருந்தே தொடக்க கால நாவலாசிரியர் தோன்றினர். அவர்கள் தாம் அறிந்த வீட்டையும் தெருவையும் எழுதினர். அதில் குறை காண்பதற்கில்லை.

நம் மக்களுக்கோ அக்காலத்தில் பள்ளியின் வாசலே மூடியிருந்தது. கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளியைத் தொடங்கியது 1894இல். அதற்குச் சற்று முன்னர், 1893இல், இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கியிருந்தார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். இவ்விதழ்களில் விண்ணப்பம் உண்டு, வாதம் உண்டு, வரலாற்று ஆய்வு உண்டு, மறுப்பு உண்டு. அன்றைய முதற்கடமை உரிமை கேட்பதாக இருந்தது. வீட்டுக் கதையை அமர்ந்து எழுதும் காலம் அதுவன்று.

எனினும், தம் வாழ்வைத் தாமே சொல்லுதல் என்னும் விதை அப்பொழுதே ஊன்றப்பட்டது. 1939இல் இரட்டைமலை சீனிவாசன் தம் வரலாற்றை ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்னும் பெயரில் சிறு நூலாக வெளியிட்டார். வட்டமேசை மாநாடுகளில் டாக்டர் அம்பேத்கருடன் அமர்ந்து வாதாடிய பெருமகனார் அவர். அந்நூலில் தம் பெருமைகளை மட்டும் அவர் எழுதவில்லை. கோயமுத்தூரில் தாம் பயின்ற நாட்களையும் எழுதினார். உடன் பயின்றோரில் மிகப் பெரும்பாலோர் உயர்சாதியினர். தம் குலமும் குடும்பமும் இருப்பிடமும் அவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்னும் அச்சத்தால், மணி அடிக்கும்வரை வெளியே எங்கேனும் படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பின்னரே வகுப்பினுள் செல்வாராம். வகுப்பு கலைந்ததும் எவரும் தம்மை எட்டிப் பிடித்துப் பேச்சுக் கொடுக்காதபடி வீட்டுக்கு விரைந்து நடப்பாராம்.

பள்ளிப் பணியில் முப்பதாண்டுகளை நெருங்கும் நமக்கு இச்செய்தி புதியதன்று. வகுப்பில் ‘எங்கள் ஊர்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால், நம் பிள்ளைகள் ஆற்றை எழுதுவர், ஏரியை எழுதுவர், தேரோடும் வீதியையும் எழுதுவர். தாம் குடியிருக்கும் தெருவை மட்டும் எழுதமாட்டார்கள். சிலர் பேருந்து நிறுத்தத்தின் பெயரைத் தம் இருப்பிடமாக எழுதிவிட்டு அமர்ந்துவிடுவர். நூறாண்டுகளுக்கு மேலாகியும் மாணவனின் விரைந்த நடை முற்றிலும் நின்றபாடில்லை. மாணவப் பருவத்தில் மறைத்ததை எண்பது அகவையை நெருங்கும் காலத்தில் ஒருவர் அச்சில் வெளியிட்டார் என்பதுதான் அச்சிறு நூலின் பெருமை. பின்னர் வந்த நாவல்களுக்கெல்லாம் முன்னோடி இவ்வொரு செயலே என்று நாம் கருதுகிறோம்.

வரலாறு ஏன் நாவலாயிற்று?

தன்வரலாற்றில் பெயரை மாற்ற இயலாது. நடந்ததை நடந்தவாறே, நடத்தியவர் பெயரோடு சொல்லவேண்டும். எழுதியவர் நகரத்தில் உத்தியோகம் பார்க்கலாம்; அவருடைய தாய் தந்தையர் ஊரில் அதே நிலவுடைமையாளரின் வயலில்தான் மறுநாள் களையெடுக்கச் செல்லவேண்டும். தங்கைக்கு அவ்வூரைச் சுற்றியே வரன் தேடவேண்டும். ஆதலால் உண்மையைச் சொல்லவும் வேண்டும். உரியவரைக் காக்கவும் வேண்டும். இவ்விரண்டுக்கும் நாவல் ஓரளவு இடம் தருகிறது. பெயரை மாற்றலாம்; ஊரை மாற்றலாம்; பத்தாண்டு நிகழ்ச்சிகளை ஓராண்டில் அடக்கலாம். தாம் காணாத இடத்தில், தம் பாட்டியின் மனத்துக்குள், நடந்ததையும் எழுதலாம்.

நாவல் எழுதுவதற்கு வேண்டிய கல்வி நம்மவர்க்குப் பரவலாகக் கிட்டியது விடுதலைக்குப் பின்னரே. இதனைப் பிறந்த ஆண்டுகளைக் கொண்டே அறியலாம். பூமணி பிறந்தது 1947. ராஜ் கௌதமன் 1950. சிவகாமி 1957. பாமா 1958. இமையம் 1964. இவர்கள் அனைவரும் குடியரசுக் காலத்துப் பள்ளிகளில் பயின்றவர்கள். காமராசர் ஆட்சியில் பரவிய மதிய உணவும், ஊர்தோறும் திறக்கப்பட்ட பள்ளிகளும், மாணவர் விடுதிகளும், கல்வி உதவித் தொகையும் உருவாக்கிய தலைமுறை அது. ஒரு தலைமுறை பள்ளிக்குச் சென்றால் அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் நூல் பிறக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தாம் நின்ற களமும் தாம் கண்ட வீடும்

தொடக்கத்தை ஈழத்திலிருந்து சொல்வது முறையாகும். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கே. டானியல் தம் ‘பஞ்சமர்’ நாவலை 1972இல் வெளியிட்டார். 1960களின் பிற்பகுதியில் அங்கே ஆலயங்களிலும் தேநீர்க் கடைகளிலும் சமவுரிமை கோரி நடைபெற்ற போராட்டங்களில் அவர் முன்னின்று பங்கேற்றவர். தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவர். களத்தில் தாம் கண்ட மனிதர்களையும் அவர்தம் பேச்சையும் நாவலில் நிறுத்தினார். அவர் எழுதியது தம் ஒருவருடைய கதை அன்று. தாமும் ஒருவராக நின்ற கூட்டத்தின் கதை. பின்னர் தமிழகத்தில் எழுந்த தலித் எழுத்துக்கு அவர் முன்னோடியாக மதிக்கப்படுகிறார். 1986இல் அவர் உயிர் நீத்தது நம் தஞ்சை மண்ணில் என்பதும் நினைவுகூரத் தக்கது.

தமிழகத்தில் 1979இல் பூமணியின் முதல் நாவலான ‘பிறகு’ வெளிவந்தது. கோவில்பட்டியை அடுத்த கரிசல் மண்ணில் பிறந்த பூமணி, அந்நாவலில் தம்மைக் கதைத் தலைவராக்கிக் கொள்ளவில்லை. செருப்புத் தைத்து ஊருக்கு உழைக்கும் அழகிரி என்னும் முதியவரின் குடும்பத்தையே மையமாக வைத்தார். விடுதலை வந்தது, அதற்குப் பிறகு அழகிரியின் வீட்டுக்கு வந்தது என்ன என்னும் வினாவைத் தலைப்பிலேயே வைத்துவிட்டார். பூமணி தம்மைத் தலித் எழுத்தாளர் என்னும் பெயருக்குள் அடக்கிக்கொள்ள விரும்பாதவர். அவர் கருத்தை நாம் மதிக்கிறோம். ஆயினும் ஒரு பாடத்தை அவரிடமிருந்து கற்கலாம். சொந்த வாழ்வு என்பது தனக்கு நேர்ந்தது மட்டுமன்று. தான் வளர்ந்த ஊரில் கண்ணும் காதும் திறந்திருந்து கண்டதும் கேட்டதும் சொந்த வாழ்வே.

பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய இமையம் 1994இல் வெளியிட்ட முதல் நாவலாகிய ‘கோவேறு கழுதைகள்’ இப்பாடத்தை இன்னும் ஒருபடி மேலே கொண்டுசென்றது. நம் தெருவுக்குத் துணி வெளுத்து, பிறப்புக்கும் இறப்புக்கும் ஊழியம் செய்து, இரவில் வீடு வீடாகச் சோறு வாங்கி உண்ட வண்ணார் குடும்பத்தின் கதை அது. ஆரோக்கியம் என்னும் அவ்வன்னையின் துயரத்துக்கு வெளியார் மட்டும் காரணரல்லர், நாமும் காரணர். தமக்கு இழைக்கப்பட்டதை எழுதுவது கடினம்; தம் தெரு பிறருக்கு இழைத்ததை எழுதுவது அதனினும் கடினம். அந்நாவல் வந்தபொழுது நம்மவரிடையே கருத்து மாறுபாடு எழுந்தது இயல்பே.

வீட்டுத் தலைவரை எழுதிய மகள்

1989இல் வெளிவந்த சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ தமிழில் தலித் பெண் ஒருவர் எழுதிய முதல் நாவல் எனக் கருதப்படுவது. பெரம்பலூர்ப் பகுதியைச் சேர்ந்த அவர் இந்திய ஆட்சிப் பணியில் இருந்த காலத்தில் அதனை எழுதினார்.

தங்கம் என்னும் இளம் கைம்பெண், நிலவுடைமையாளர் வீட்டாரால் அடிபட்டு, இரத்தக் காயத்தோடு, தம் இனத் தலைவரான காத்தமுத்துவின் வீட்டு வாயிலில் வந்து விழுகிறாள். காத்தமுத்து அஞ்சாதவர், சட்டம் அறிந்தவர், காவல் நிலையத்தில் எதிர்நின்று பேச வல்லவர். அதே வேளையில் வழக்கைத் தமக்கு ஏற்றவாறு திரிக்கத் தெரிந்தவர், பணத்தில் கண்ணுடையவர், இரு மனைவியரை அடக்கி ஆள்பவர். தம்மை நாடி வந்த தங்கத்தையும் ஈற்றில் தம் வீட்டிலேயே இருத்திக் கொள்கிறார். இவையனைத்தையும் அவருடைய மகள் கௌரி பார்த்துக்கொண்டிருக்கிறாள். படித்துத்தான் இவ்வீட்டிலிருந்து வெளியேற முடியும் என்று கண்டு, படித்து வெளியேறுகிறாள்.

இந்நாவல் வந்ததும் எழுந்த வினாவை நாம் பல கூட்டங்களில் பல வடிவங்களில் கேட்டிருக்கிறோம். “மேல்சாதியார் கொடுமையை எழுதட்டும், நம் தலைவர்களின் குறையை ஏன் எழுத வேண்டும்? எதிரிக்கு நாமே ஆயுதம் கொடுக்கலாமா?” இவ்வினாவை எளிதாகத் தள்ளிவிட இயலாது. கேட்போர் பலர் சமூகப் பணியில் வாழ்நாளைச் செலவிட்ட பெரியவர்கள். நம்மைப் பற்றிப் பிறர் சொல்லும் இழிவுகள் ஏற்கெனவே மலையளவு குவிந்திருக்க, நாமும் ஒரு கூடை மண் கொட்டவேண்டுமா என்பது அவர்கள் கவலை.

சிவகாமி இவ்வினாவுக்கு மேடையில் மறுமொழி சொல்லியதோடு நில்லாமல் 1997இல் ‘ஆசிரியர் குறிப்பு’ என்னும் மற்றொரு நூலை எழுதினார். முதல் நாவலை எழுதிய ஆசிரியையையே அதில் ஒரு பாத்திரமாக்கினார். தாம் வளர்ந்த இடத்துக்குத் திரும்பிச் செல்வதாகவும், நாவலில் தாம் எழுதியதையும் உண்மையில் நடந்ததையும் ஒப்பிட்டுப் பார்ப்பதாகவும் அமைத்தார். தந்தையின் வடிவை வரைந்தபோது மகளின் சினம் எவ்வளவு கலந்தது, எதனை மிகுத்தோம், எதனை விட்டோம் எனத் தம்மையே குறுக்கு விசாரணை செய்தார். பின்னர் 2006இல் தாமே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இரு நூல்களையும் ஒரே தொகுதியாக வெளியிட்டார். முதல் நாவலில் சொந்த வாழ்வை எடுத்தாள்பவர் பின்னொரு நாள் அந்த வாழ்வுக்குக் கணக்குக் காட்டவேண்டும் என்பதை நூல் வடிவிலேயே ஒப்புக்கொண்ட எழுத்தாளர் தமிழில் அரியர். முதல் நூலோடு நம் பொறுப்பு முடிவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

பனங்கருக்கு

டாக்டர் அம்பேத்கரின் நூற்றாண்டு விழா 1990-91இல் நாடெங்கும் கொண்டாடப்பட்டது. அவருடைய நூல்கள் தமிழில் பரவின, சிற்றிதழ்கள் தோன்றின, மராத்தியிலும் கன்னடத்திலும் எழுந்த தலித் எழுத்து இங்கே அறிமுகமாயிற்று. மராத்தியில் தயா பவாரின் ‘பலுத்த’ என்னும் தன்வரலாறு 1978லேயே வந்து பெரும் அதிர்ச்சியை உண்டாக்கியிருந்தது. இச்சூழலில், 1992இல், பாமாவின் ‘கருக்கு’ மதுரையிலிருந்து வெளிவந்தது.

பாமா இன்றைய விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியில் பிறந்தவர். தந்தையார் படைவீரர். ஆசிரியப் பணியில் இருந்த பாமா, ஏழைப் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்யலாம் என்னும் எண்ணத்தோடு கன்னியர் மடத்தில் சேர்ந்தார். அங்கே வசதியுள்ளோர் வீட்டுப் பிள்ளைகளுக்கே பணி செய்ய நேர்ந்ததையும், மடத்தினுள்ளும் சாதி இருந்ததையும் கண்டு ஏழாண்டுகளுக்குப் பின் வெளியேறினார். கையில் வேலை இல்லை, போக்கிடம் இல்லை, அந்நிலையில் தம் இளமையை நினைந்து எழுதியதே ‘கருக்கு’.

அந்நூலுக்குத் திட்டமிட்ட கதைப் பின்னல் இல்லை. ஊரின் மலைகளும் தெருக்களும் வரும்; பட்டப்பெயர்கள் வரும்; விளையாட்டுகள் வரும். நம் பிள்ளைகள் விளையாடும்போது ஒருவர் முதலாளியாகவும் மற்றவர் கூலிக்காரராகவும் நடிப்பர் என்பதை அவர் எழுதியிருப்பதை ஆசிரியர்கள் ஊன்றிப் படிக்கவேண்டும். விளையாட்டே பாடமாகிவிடும் கொடுமை அதில் உண்டு.

நூலில் இரண்டு நிகழ்ச்சிகளைச் சற்று விரித்துரைப்போம். நம் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டிய கயிற்றைப் பிடித்துத் தூக்கிச் சென்று, நிலவுடைமையாளரிடம் குனிந்து கொடுக்கிறார். அதனைக் கண்ட சிறுமிக்குச் சிரிப்பு வருகிறது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. நாம் தொட்டால் தீட்டு என்பதால்தான் அவர் அவ்வாறு தூக்கிச் சென்றார் என்று விளக்குகிறார். மற்றொரு முறை, அவ்வண்ணனையே ஒருவர் எந்தத் தெரு என்று கேட்டதைச் சொல்கிறார். எந்தச் சாதி என்பதைத்தான் அவ்வாறு கேட்கிறார்கள் என்பது இருவருக்கும் தெரியும். நூலகப் பதிவேட்டில் தம் பெயரோடு எம்.ஏ. என்று பட்டத்தையும் சேர்த்து எழுதியதும், அங்கே பணிசெய்பவர் இருக்கை கொண்டுவந்து போட்டு மரியாதையாக அழைத்ததையும் அவர் கூறுகிறார். படி, முதலாவதாக வா என்பதே அவர் தங்கைக்குச் சொன்ன அறிவுரை. தங்கை முதலாவதாகவே வந்தாள்.

அதே நூலில் வேறொரு பள்ளிக்கூடக் காட்சியும் உண்டு. பள்ளி வளாகத்தில் விளையாடுகையில் மரத்திலிருந்து ஒரு தேங்காய் விழுகிறது. பழி சிறுமியின் மேல் விழுகிறது. அனைவர் முன்னிலையிலும் தலைமையாசிரியர் அவளைச் சாதி சொல்லி ஏசி வெளியே அனுப்புகிறார். தலைமையாசிரியர் நாற்காலியில் அமர்ந்திருக்கும் எவரும் இப்பக்கத்தைக் கடந்து எளிதில் அப்பால் செல்ல முடியாது. ஒரு சொல்லை அந்தப் பிள்ளை எத்தனை ஆண்டுகள் சுமந்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். ஆசிரியர் பயிற்சிக்குப் பரிந்துரைக்கப்படும் பாட நூல்கள் பலவற்றைவிட இவ்வொரு பக்கம் மிகுதியாகக் கற்பிக்கும்.

இந்நூலை முழுதும் பேச்சுத் தமிழில், அதிலும் நம் தெருப் பெண்களின் பேச்சில், பாமா எழுதினார். இலக்கணத் தமிழில் ஊறிய நம் போன்ற ஆசிரியர்கள் முதலில் தயங்கினோர் உண்டு. ஆனால் பாட்டி பேசியதைப் பண்டிதர் நடைக்கு மாற்றினால் பாட்டி மறைந்துவிடுவாள். தேர்வுத்தாளுக்கு ஒரு தமிழ், உயிர்ப்புக்கு ஒரு தமிழ் என இரண்டும் நமக்கு வேண்டும்.

நூல் வெளிவந்ததும் ஊர் அவருக்கு மாலை சூட்டவில்லை. பட்டப்பெயர்களை அச்சில் ஏற்றிவிட்டார், ஊரின் மானத்தை வாங்கிவிட்டார் என்று நம்மவரே சினந்தனர். ஏழு திங்கள் அவர் சொந்த ஊருக்குள் செல்ல இயலவில்லை. பின்னர், படித்த இளைஞர்கள் நூலைப் படித்து மற்றவர்க்கு எடுத்துச் சொல்லவே சினம் தணிந்தது. 2000ஆம் ஆண்டில் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் மொழிபெயர்ப்பில் அது ஆங்கிலத்தில் வந்து கிராஸ்வேர்ட் விருதும் பெற்றது. இன்று பல பல்கலைக் கழகங்களில் பாடமாக உள்ளது. ஆனால் விருதினும் நம்மை ஈர்ப்பது அந்த இளைஞர்களின் செயலே. எழுத்தாளருக்கும் ஊருக்கும் இடையே நின்று, நூலை உரக்கப் படித்துக் காட்டிய அவர்கள் இல்லையேல் அந்நூல் தன் ஊரை அடைந்திருக்காது.

அண்ணன் எழுதிய சரித்திரம்

பாமாவின் அண்ணனே அறிஞர் ராஜ் கௌதமன். புதுச்சேரியில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கி, தமிழ்ப் பண்பாட்டைத் தலித் நோக்கில் ஆராய்ந்து நூல்கள் எழுதியவர். 2024 நவம்பரில் மறைந்தார். தங்கையின் நூல் வந்து பத்தாண்டுகளுக்குப் பின், 2002இல், தம் முதல் நாவலான ‘சிலுவைராஜ் சரித்திர’த்தை வெளியிட்டார். அப்பொழுது அவருக்கு ஐம்பது அகவை கடந்திருந்தது.

ஒரே ஊர், ஒரே குடும்பம், ஆனால் நூல்கள் இரண்டும் வேறு வேறு. தங்கையின் நூல் காயத்திலிருந்து நேரே பேசுகிறது. அண்ணனோ தம்மைச் சிலுவைராஜ் என்னும் வேறோர் ஆளாக எட்ட நிறுத்தி, அவனுடைய அச்சங்களையும் அசட்டுத்தனங்களையும் ஆசைகளையும் எள்ளி நகையாடுகிறார். பள்ளியும் விடுதியும் கல்லூரியும் நிறைந்த அந்நூலில், படிப்பு மட்டுமே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்னும் எளிய நம்பிக்கைக்கு இடமில்லை. பட்டம் பெற்ற பின்னும் தெரு மனிதனைத் தொடர்ந்து வருகிறது. துன்புற்றோர் எப்பொழுதும் அழுதுகொண்டே எழுதவேண்டும் என்று எவரும் விதிக்கவில்லை. சிரிக்கும் உரிமையும் நமக்கு உண்டு என்று அவர் காட்டினார். ஒரு வீட்டிலிருந்தே இரு வேறு உண்மைகள் எழ முடியுமாயின், ஒரு தெருவிலிருந்து எத்தனை நூல்கள் எழ முடியும் என்பதை எண்ணிப் பார்ப்போமாக.

ஏன் எழுத வேண்டும்?

இனிப் பெரியவர்களின் வினாவுக்குத் திரும்புவோம். நம் வீட்டு இழிவை நாமே ஏன் ஊரறியச் செய்ய வேண்டும்?

முதலாவதாக, இழிவு நம்முடையதன்று. கயிற்றைப் பிடித்துப் பொட்டலம் தூக்கிச் சென்ற பெரியவருக்கு அதில் மானக்கேடு இல்லை. அவ்வாறு தூக்கச் செய்த வழக்கத்துக்கே மானக்கேடு. நாம் மறைக்குந்தோறும் அந்த வழக்கத்தின் மானத்தையே காப்பாற்றிக் கொடுக்கிறோம்.

இரண்டாவதாக, மேல்சாதியார் கொடுமையை மட்டும் எழுதி, நம் வீட்டில் பெண் பட்ட அடியையும் நமக்குக் கீழே நாம் வைத்திருந்தோரின் துயரையும் விட்டுவிட்டால், படிப்பவர் நம்பமாட்டார். தம் தந்தையின் குறையை எழுதிய மகளின் சொல்லுக்குத்தான் நிலவுடைமையாளரின் கொடுமையைப் பற்றிச் சொல்லும்போதும் வலிமை கூடுகிறது.

மூன்றாவதாக, எழுதப்படாத வாழ்வு ஒரு தலைமுறையில் மறைந்துவிடும். கூலியாக அளக்கப்பட்ட நெல்லின் அளவு, களத்தில் பாடிய பாட்டு, பஞ்ச காலத்தில் உண்ட கிழங்கு, ஊர்க் கிணற்றில் முதன்முதல் நீர் இறைத்தவர் பெயர், இவை எந்த அரசு ஆவணத்திலும் இல்லை. இவை இருப்பது எழுபது எண்பது அகவையானோரின் நினைவில்தான். அவர்கள் மறைந்தால் அந்த நூலகமும் மறையும்.

அதே வேளையில் எழுதப் புகும் இளைஞர்க்கும் சில கடமைகள் உண்டு. உயிரோடிருப்போரின் பெயரை, சிறப்பாகப் பெண்களின் பெயரை, கதைக்காகத் தெருவில் நிறுத்தலாகாது. பிறர் துயரத்தைத் தம் துயரமாகச் சொல்லிக் கொள்ளலாகாது. சினத்தில் எழுதியதை, சினம் தணிந்த பின் மீண்டும் ஒருமுறை படித்துப் பார்க்கவேண்டும். சிவகாமி செய்தது போலத் தம்மையும் கூண்டில் ஏற்றிக் கேட்கும் துணிவு வேண்டும். ஊர் சினந்தால் ஊரை வெறுத்துவிடாமல், அதற்குப் படித்துக் காட்டும் பொறுமையும் வேண்டும்.

இக்கல்விக் கழகத்தின் முன்னுள்ள பணி

இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் நம் பிள்ளைகளுக்கு நூல்களும் உதவித் தொகையும் மாலை வகுப்புகளும் அளித்து வந்துள்ளது. பட்டம் பெற்றோர் பலர் இம்மலரைக் கையில் ஏந்துவர். அவர்களுக்கும் கழகத்தாருக்கும் நாம் முன்வைக்கும் வேண்டுகோள் பெருஞ்செலவு உடையதன்று.

மாலை வகுப்பில் பயிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குறிப்பேடு கொடுப்போம். தேர்வுக்கு அன்று, மதிப்பெண்ணுக்கும் அன்று. தன் பாட்டியிடம் கேட்டதை, பாட்டி சொன்ன மொழியிலேயே, அதில் எழுதச் சொல்வோம். எழுதியதில் எழுத்துப் பிழையைத் திருத்துவோம், செய்தியைத் திருத்தமாட்டோம். மேலே குறித்த நாவல்களைக் கழக நூலகத்தில் வாங்கி வைப்போம். வைத்ததோடு நில்லாமல், ஞாயிறு மாலைகளில் சாவடியில் அமர்ந்து, படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுவோம். அவர்கள் “இது தவறு, நடந்தது இப்படியன்று” என்று குறுக்கிட்டால் மகிழ்வோம். அடுத்த நூல் அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்த நூற்றாண்டில் நம் வரலாற்றை எழுத முற்படுவோர்க்கு ஆட்சியர் குறிப்பேடு மட்டும் சான்றாக இருக்கவேண்டாம். நம் தெருவின் பெயரைத் தலை நிமிர்ந்து எழுதிய பிள்ளைகளின் நூல்களும் சான்றாக இருக்கட்டும். அத்தகைய முதல் நாவல் ஒன்று இக்கழகத்தில் பயின்ற பிள்ளையின் கையிலிருந்து பிறக்குமாக! கழகத்தின் பொன்விழா மலரில் அதனைப் பற்றி எழுதும் பேறு நமக்குப் பின்வரும் ஆசிரியர்க்கு வாய்க்குமாக!

வாழ்க கல்விக் கழகம்! வளர்க அதன் பணி!